பொனற்றின் கீழ் ஒரு பால்மாத் தகரம்

பழைய மோட்டார் வண்டியைப் புதுக்குதல் செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்பது நம்மவருட் பலர் கருத்து. யானும் அவ்வாறே கருதியிருந்தேன். சென்ற ஆண்டு எம் பெரிய தந்தையாரின் வண்டியை மீண்டும் தெருவில் ஓட்ட முயன்றபோதுதான், அதிற் பொழுதுபோக்கினும் பெரியதொரு வழக்கு உண்டென்பதை உணர்ந்தேன். அதனைப் பழைய மாணவர் முன்னிலையில் வைப்பதற்கு இம்மலர் தக்க இடம். இத்தகைய வண்டிகள் சில இன்னும் நம்மவர் வீட்டுக் கோடிகளிலே கிடக்கின்றன.

வண்டி ஒஸ்ரின் ஏ-40 சமர்செற். பேர்மிங்காமை அடுத்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரையுமே செய்யப்பட்ட வகை. 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 42 குதிரைவலு. பெரிய தந்தையார் அதனைக் கொக்கிளாயில் வாடகைக்கு ஓட்டினார். பிள்ளைப்பேற்றுக்கு முல்லைத்தீவு செல்லும் பெண்டிரையும், வழக்குக்குச் செல்லும் ஆடவரையும் கொக்குத்தொடுவாய், செம்மலை, அளம்பில் வழியே ஏற்றியிறக்கிய வண்டி அது. 1984 டிசெம்பரில் அக்கரையோரத் தமிழ்க் கிராமங்கள் வெறுமையானபோது எம் குடும்பத்தார் அதிலேயே புறப்பட்டனர். எனக்கு அப்பொழுது வயது மூன்று. பதினொருவர் நெருங்கியிருந்த வண்டியில் நான் மட்டும் நன்றாக உறங்கினேனாம்.

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் வடபுலத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்துத் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் இவ்வகை ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளே, ஓடியது மண்ணெண்ணெயில். இளைய வண்டிகள் முடங்கிக் கிடக்க இக்கிழங்கள் ஓடியமைக்குக் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினிற் பற்றாது. மிகுந்த அமுக்கத்தையும் அது தாங்காது, ‘டக் டக்’ என இடிக்கும். சமர்செற்றின் அமுக்கவிகிதமோ ஏழுக்குச் சற்றே மேற்பட்டது, ஆதலின் பொறுத்துக்கொண்டது. சிறிது பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவதே உபாயம். எரியாது எஞ்சியது பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். அதனை அடிக்கடி மாற்றாதவன் எஞ்சினையே மாற்ற நேரும். புகையைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வெள்ளைச் சீருடையோடு பின்னால் சைக்கிளில் வந்த மாணவர் யாவரும் அறிவர்.

எம் வண்டிக்கு அவ்வுபாயத்தைச் செய்துதந்தவர் மெக்கானிக் ஒருவர். பால்மாத் தகரமொன்றைப் பொனற்றின் கீழே பொருத்தி, அதன் அடியிற் செப்புக் குழாயொன்றை ஈயத்தால் ஒட்டி, நடுவே திருகியொன்றும் வைத்தார். தகரத்துக்குப் பெற்றோல், பெரிய தாங்கிக்கு மண்ணெண்ணெய். அத்திருகியைத் திருப்பும் பணி என்னுடையது. கல்லூரியிற் கற்ற விஞ்ஞான பாடங்களுள் எனக்கு இன்றுவரை மறவாதது அஃதொன்றே; நான் தமிழாசிரியனானமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டு மக்கள் பெயர்ந்தபோது வண்டியை விட்டுச் சென்றோம். மீண்டு வந்து பார்க்கையில் கொட்டில் சரிந்திருந்தது. வண்டி அதன் கீழ் இருந்தது. அன்று தொட்டு அது நகரவில்லை. பதிவுப் புத்தகம் மட்டும் கொக்கிளாய்க் காணி உறுதியோடு ஒரே பையில் எங்களுடன் அலைந்தது.

அதே மெக்கானிக்கைத் தேடிச் சென்றேன். எழுபது கடந்தவர். எஞ்சினை எப்பொழுது இயக்குவீர்கள் என்றேன். “மாஸ்ரர், முதலிலை நிக்கப் பண்ணுவம், பிறகு ஓடப் பண்ணலாம்” என்றார். பிறேக்கின் இறப்பர்கள் யாவும் புதிதாயின. எலி தின்ற வயர்கள் மாறின. துருவேறிய தாங்கி இறக்கிக் கழுவப்பட்டது. எஞ்சினுக்கோ பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் ஒயில் ஊற்றி, ஒரு கிழமை தொடாது விட்டார். எட்டாம் நாள் முன்புறக் கைபிடியாற் சுற்றியபோது முதலில் அசையவில்லை. பின் முனகிக்கொண்டு கால்வட்டம் சுழன்றது. பற்றறி பூட்ட வந்த இளைஞர் இக்கால வழக்கப்படி எதிர்முனையை உடலோடு இணைக்கப் போனார். முதியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அக்கால ஆங்கில வண்டிகளில் நேர்முனையே உடலோடு சேரும். இஃது அவரோடு மறையவிருக்கும் அறிவுகளுள் ஒன்று.

உதிரிப்பாகம் கிடையாதென்பார் கூற்றை நான் முற்றாக ஏற்கேன். இங்கிலாந்தின் பாத் நகரத்தே மொறிஸ் மைனர் வண்டிகளைப் பேணிய சாள்ஸ் வெயர் என்பார், அவற்றின் உடற்றகடுகளை 1990களில் இலங்கையிலேயே செய்வித்துத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். கையும் மனமும் இருப்பின் தகடு வளையும்.

வழக்கு பின்னரே எழுந்தது. கொழும்பிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் நல்ல விலை சொன்னார். 2020 பங்குனி முதல் ஐந்தாண்டு வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையாற் பழைய வண்டிகளின் விலையும் ஏறியிருந்தது. விற்க மறுத்தேன். “அப்படியாயின் அந்தத் தகரத்தையாவது எறியுங்கள், அது மூலத்தில் இல்லை” என்றார். வெளிநாட்டிலிருந்து வர்ணத்துக்குப் பணம் அனுப்பிய என் வகுப்புத் தோழர்க்கும் அதே எண்ணம்.

எது மூலம்? ஏடு பதிப்பித்தோர் வழி வந்த எமக்கு இவ்வினா புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது செல்லரித்த ஏடுகளோடு போராடினார். பதிப்புத்துறையில் பாடபேதங்களைக் குறித்துவைப்பது நல்ல மரபாகியது. பின் வந்த கை எழுதியதென்பதற்காக அதனைத் தடமின்றி அழிப்பாரில்லை. லோங்பிரிட்ஜில் அவ்வண்டி இருந்தது சில நாள். அங்கிருந்து புறப்பட்டபடியே இன்றும் உள்ள சமர்செற்றுகள் இங்கிலாந்தில் உண்டு. பால்மாத் தகரம் பூண்டது அங்கில்லை. ஆதலால் உயிர்காக்கும் பிறேக்கிலும் வயரிலும் யாதொரு பழமையும் வேண்டேன். ஆனால் தகரத்தைக் கழற்றவும் இசையேன். வெறுமையாக்கி, திருகியை மூடி, இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறோம்.

கல்லூரிக்குச் சொல்ல ஒன்றுண்டு. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மெக்கானிக்குகளுள் எஞ்சியோர் முதுமையடைந்துவிட்டனர். யூபிலிக்குத் திரண்ட நிதியில் ஒரு சிறு கூறு போதும்: மேல்வகுப்பு மாணவர் இருவர் மூவராகச் சென்று, அவர்கள் சொல்வதையும் செய்ததையும் படத்தோடு எழுதிவருவாராக. நுழைவாயிலுக்கு இன்னொரு வளைவு கட்டுவதிலும் இது மலிவு.

எம் வண்டி இப்பொழுது பெற்றோலில் ஒழுங்கை முடிவுவரை போய் வருகின்றது. தெருவில் ஓட்டுதற்கான அனுமதிப்பத்திரம் வந்ததும் கொக்கிளாய்க்குப் புறப்படவுள்ளோம். தாமே ஓட்டவேண்டுமென்று பெரிய தந்தையார் அடம்பிடிக்கிறார். அவர்க்கு எண்பத்துநான்கு வயது. வீட்டில் இன்னும் எவரும் மறுமொழி சொல்லவில்லை.