தாய் தந்த கைமுதல்

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு தாய்க்குக் குழந்தை பிறக்கிறது. குழந்தையைச் சோதித்துப் பார்க்கிறார்கள், கிருமி இல்லை. தாய் உரிய மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டால் இன்று பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. "இனிக் கவலை இல்லை" என்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். இந்தச் சொல்லைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பச்சிளங் குழந்தைக்குத் தானாகவே போதிய எதிர்ப்பொருள்களை உண்டாக்க இயலாது. முதல் சில மாதங்களுக்குத் தாய் கொடுத்தனுப்பிய கைமுதலை வைத்தே அது காலம் தள்ளுகிறது. தாயின் இரத்தத்திலுள்ள 'ஐ.ஜி.ஜி.' என்னும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகின்றன. அதிலும் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில். அவை சும்மா கசிந்து செல்வதில்லை. நஞ்சுக்கொடியின் செல்களிலுள்ள ஏற்பிகள், பரிசல்காரர் ஆளை ஏற்றிச் செல்வதுபோல, அவற்றைப் பிடித்து அக்கரை சேர்க்கின்றன. நிறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் தாயைவிடக் கூடுதலாகவே ஐ.ஜி.ஜி. இருப்பதுண்டு. பரிசலின் திறமையைப் பாருங்கள்! (குறைமாதத்தில் பிறந்தால் இந்தப் போக்குவரத்துப் பாதியில் நின்றுவிடும்.)

எச்.ஐ.வி. என்ன செய்கிறது? எதிர்ப்பொருள் செய்யும் செல்களைத் தாறுமாறாகத் தூண்டிவிடுகிறது. வேண்டியதும் வேண்டாததுமாக ஐ.ஜி.ஜி. பெருகுகிறது. துறையில் கூட்டம் பெருத்துவிட்டது. பரிசல்களோ அதே எண்ணிக்கைதான். தட்டம்மையையும் ரண ஜன்னியையும் எதிர்க்க வல்லவற்றில் பல கரையிலேயே நின்றுவிடுகின்றன. இதை ஒரு காரணமாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாயிடமே அவை குறைந்திருப்பது இன்னொன்று.

இத்தகைய குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கும் நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே கேப்டவுனை அடுத்த கயலிட்ஷாவில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. பிறந்தபோது இக்குழந்தைகளிடம் கக்குவான், ரண ஜன்னி முதலியவற்றுக்கு எதிரான பொருள்கள் குறைவாக இருந்தன. தடுப்பூசி போட்ட பிறகோ அவர்கள் சளைக்கவில்லை. கக்குவான் விஷயத்தில் மற்றக் குழந்தைகளை மிஞ்சியே விட்டார்கள்! இதில் விந்தையில்லை. தாயின் எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால் அது தடுப்பூசியின் வேலையைச் சற்றுத் தடுக்கும். நம் நாட்டில் தட்டம்மை ஊசியை 9 மாதம் வரை தள்ளி வைத்திருப்பதும் இதனால்தான்.

"பாவம், நோஞ்சான் பிள்ளை, ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம்" என்று பரிவோடு சொல்பவர்கள் உண்டு. அந்தப் பரிவு தவறானது. ஒரு மாதத் தாமதத்தை மற்றக் குழந்தை கைமுதலைக் கொண்டு சமாளித்துவிடக்கூடும். இந்தக் குழந்தையின் கையிருப்போ குறைவு. 6-ஆம் வாரத்து ஊசியை 6-ஆம் வாரத்திலேயே போட்டாக வேண்டும்.