ஒட்ட மறுக்கும் மரம்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் பெங்களூரில் மரப் பேனா செய்கிறார். விற்க அல்ல, கொடுக்க. மொட்டை மாடி அறையில் ஒரு சிறிய கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறார். இரண்டு சென்டிமீட்டர் சதுரக் கட்டையில் நீளவாட்டில் துளையிட்டு, உள்ளே பித்தளைக் குழாயை வைத்து ஒட்ட வேண்டும். பிறகு சுழலவிட்டு உளியால் உருட்டி எடுத்தால் பேனாவின் உடல் தயார். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

அவருடைய அம்மா காலமான பிறகு வீட்டிலிருந்த ஈட்டி மரக் கட்டிலைப் பிரித்தார்கள். முழுக் கட்டிலை வைக்க யார் வீட்டிலும் இடமில்லை. நண்பர் ஒரு காலை மட்டும் எடுத்து வந்தார். மூட்டுத் துளைகளும் வெடிப்புகளும் போகத் தேறியவை ஆறு துண்டுகள். உடன்பிறந்தவர்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பேனா, தனக்கொன்று.

நாக்பூரில் இருக்கும் தங்கையின் பேனா முதல் கோடையிலேயே கழன்றுவிட்டது. மரம் தனி, குழாய் தனி. "அம்மா கட்டிலை உடைத்திருக்கவே கூடாது" என்று தொலைபேசியில் அழுதாராம். நண்பருக்கு அன்று தூக்கம் வரவில்லை.

குற்றம் பசையில் இல்லை, மரத்தில் இருந்தது. குற்றம் என்றுகூடச் சொல்லக் கூடாது. வெளியே வைரம் கொண்டது புல், உள்ளே கொண்டது மரம் என்று பிரிக்கிறது தொல்காப்பியம். அந்த உள் வைரத்தில்தான் மரம் தன் எண்ணெயையும் பிசினையும் சேர்த்து வைக்கிறது. தேக்கைக் கரையான் எளிதில் தொடாததற்குக் காரணம் இந்தச் சேமிப்புதான். லிக்னம் வைட்டே என்ற அமெரிக்க மரத்தைக் கப்பல்களின் உந்துவிசிறித் தண்டைத் தாங்கும் பேரிங்காகப் பயன்படுத்தினார்கள். தனியாக மசகு போடத் தேவையில்லை, மரமே வழவழப்பைத் தரும். அப்படிப்பட்ட மரத்திடம் போய், "பித்தளையோடு ஒட்டிக்கொள்" என்றால் வழுக்கத்தானே செய்யும்? மரமும் உலோகமும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதுமில்லை. அரைகுறையாக ஒட்டிய பசை நாக்பூர் வெயிலின் இழுபறியைத் தாங்கவில்லை.

பரிகாரம் இருக்கிறது. எண்ணெயை முழுவதுமாக எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். ஒட்டும் பரப்பில் மட்டும், ஒட்டும் நேரத்துக்கு மட்டும் அகற்றினால் போதும். குச்சியில் துணி சுற்றி, அசிட்டோனில் நனைத்துத் துளையின் உட்புறத்தைத் துடைக்க வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது, அதில் வேறு எண்ணெய்கள் கலந்திருக்கலாம். துணியில் கறை வருவது நின்று, ஈரம் ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டிவிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். குழாயையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். நொடியில் பிடிக்கும் பசையைவிட, இரண்டு டியூப்களைக் கலந்து பூசும் எபாக்ஸி இந்த மரங்களுக்கு நம்பகமானது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

மெருகிலும் இதே கதைதான். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகும். ஈட்டி மரத்தின் சாறுகள் அதைத் தடுக்கின்றன. நாள்கணக்கில் கையில் பிசுபிசுக்கும். இதற்கு விடை நம் ஊர் அரக்கில் இருக்கிறது. மெழுகு நீக்கிய ஷெல்லாக், சாராயம் ஆவியானதும் உலர்ந்துவிடும். மரத்தின் தயவு தேவையில்லை. அதன் மேல் வேறு மெருகும் ஏற்றலாம். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கும் சன்னபட்டணத்துப் பொம்மைக் கலைஞர்கள் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தியே வண்ணம் ஏற்றுகிறார்கள். அவர்கள் எடுப்பது வெளிறிய பாலை மரம். சண்டை போடாத மரம்.

சண்டை போடும் மரம் கடைபவனையும் விடாது. மத்திய அமெரிக்காவின் கோகோபோலோவும் ஈட்டியின் உறவுதான். அமெரிக்காவிலிருந்து மருமகன் கொண்டுவந்த இரண்டு கோகோபோலோ துண்டுகளில் முதலாவதைக் கடைந்தபோது நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் முழங்கையும் கண்ணிமையும் தடித்துச் சிவந்தன. இந்தத் தூளின் ஒவ்வாமை பழகப் பழகக் குறைவதில்லை, கூடுகிறது. இப்போது முகமூடி இல்லாமல் அவர் இயந்திரத்தைத் தொடுவதில்லை. பாதி கடைந்த கோகோபோலோ அலமாரியில் கிடக்கிறது.

ஈட்டி, கோகோபோலோ உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பழைய கட்டில் கால்களை மதிக்க இது ஒரு காரணம். நண்பருக்கு வேறு காரணம் இருந்தது. மீதமிருந்த துண்டுகளில் புதிதாகச் செய்து தருகிறேன் என்றார். தங்கை சம்மதிக்கவில்லை; இத்தனை நாள் கையில் வைத்து எழுதிய அதே மரம்தான் வேண்டுமாம். கழன்ற பேனா கூரியரில் வந்தது. பழைய பசையைச் சுரண்டி, துடைத்து, ஒட்டி அனுப்பினார்.

இரண்டு நாக்பூர் கோடைகள் போய்விட்டன. ஒவ்வொரு மே மாதமும் அவரே போன் செய்து விசாரிக்கிறார். தங்கையின் உடல்நலம் இரண்டாவது கேள்விதான்.