டாணா நிலைக்காத ஊர்

இந்திப் படம் பார்க்கிறவர்களுக்கு 'தானா' என்றால் போலீஸ் ஸ்டேஷன் என்று தெரிந்திருக்கும். 'ஸ்தானம்' தேய்ந்து வந்த சொல் அது. 1792இல் கார்ன்வாலிஸ், ஜமீன்தார்கள் கையிலிருந்த காவல் அதிகாரத்தைப் பிடுங்கினார். வங்காளத்தைத் தானாக்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு தரோகாவை உட்காரவைத்தார். அதோடு அது சர்க்கார் சொல்லாயிற்று. தமிழ்நாட்டுக்கு வந்ததும் 'டாணா' ஆனது. சென்னைப் புரசைவாக்கத்தில் டாணா தெரு இன்னும் இருக்கிறது. போலீஸ்காரர் டாணாக்காரர். 2022இல் விக்ரம் பிரபு நடித்த 'டாணாக்காரன்' வந்தபோது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைப்பையே விளக்க வேண்டியிருந்தது.

ஏன் விளக்க வேண்டியிருந்தது? மலாக்காவும் 1867 வரை கல்கத்தாவுக்குக் கட்டுப்பட்ட ஊர்தானே. அதற்கு முன்பே கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1796இல் இங்கே பிறந்த அப்துல்லா, தமிழும் அறிந்தவர். அந்தச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் 'முன்ஷி' ஆனார். அவர்களிடமிருந்தே இந்துஸ்தானி கற்றார். முன்ஷி ஒட்டிக்கொண்டது. கிராணியும் ஒட்டிக்கொண்டது, பெரட்டுக்கு நின்ற எவருக்கும் கிராணி யாரென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்தானத்தின் உறவுக்காரர் ஒருவர்கூட இங்கே ராஜவாழ்க்கை வாழ்கிறார்: ஆஸ்தானம்தான் மலாயில் இஸ்தானா, அரண்மனை. டாணா மட்டும் மக்கள் வாயில் நிலைக்கவில்லை.

மலாய்க்காரர்கள் அந்த இடத்துக்கு அழுத்தமாகவே பெயர் வைத்திருந்தார்கள் என்பதே காரணமாக இருக்கலாம். பழைய மலாயில் போலீஸ் ஸ்டேஷன் 'ரூமா பாசோங்'. பாசோங் என்பது கைதியின் காலை மாட்டிவைக்கும் கட்டை, நம் தொழுமரம். போலீஸ்காரர் 'மாத்தா-மாத்தா', கண்கள். ஹொக்கியன் சீனர்களும் 'மாத்தா'வை எடுத்துக்கொண்டார்கள். டாணா ஆள்கிறவன் வைத்த பெயர், அதில் வலி இல்லை. ரூமா பாசோங் மாட்டிக்கொண்டவன் வைத்த பெயர்.

1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் போட்டார். பிறகு பெருகிய தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களுக்குக் கங்காணி, கிராணி, துரை எல்லாரையும் தாண்டித்தான் போலீஸ். எனவே மாத்தா லயத்துக்குள் வந்தாலே விஷயம் பெரிது என்று அர்த்தம். லயத்துக்குப் பின்னால் சம்சு காய்ச்சுகிறவனிடம் "டேய், மாத்தா வராண்டா!" என்று கத்தினால் அடுப்பை உதைத்துவிட்டு ரப்பர் காட்டுக்குள் ஓடுவான். "காவலர் வருகிறார்" என்றால், யாரப்பா அது என்று நின்று கேட்பான்.

நமக்கு வரும் சிறுகதைகளில் இந்தச் சொற்கள் பிழைதிருத்தும் மேசையில்தான் சாகின்றன. மாத்தா காவலராகிறார், கிராணி எழுத்தராகிறார், துரை மேலாளராகிறார். தனித்தமிழ் மீது நமக்குப் பகை இல்லை. கட்டுரைக்குக் 'காவல் நிலையம்' நல்ல சொல், இந்திக்காரர் 'தானா' என்பதும் அதையேதான். ஆனால் கதாபாத்திரத்தின் வாயைக் கழுவிவிட நமக்கு உரிமை இல்லை.

ஆகவே இந்த இதழிலிருந்து பேச்சு வரிகளில் கைவைப்பதில்லை, அடிக்குறிப்பும் போடுவதில்லை. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மெர்லிமாவிலோ இருந்து எழுதுகிறவர் போலீஸ் ஸ்டேஷனை 'பாலாய்' என்று எழுதினால் 'பாலாய்' என்றே அச்சாகும்.