நிலவறையும் நடுகல்லும்

கணிப்பொறி விளையாட்டு வீண்பொழுது என்பார் உளர். பிறர் ஆக்கியதை ஆடிக்கொண்டே இருப்பதுதான் வீண். நாமே ஒன்றை ஆக்குவது கல்வி என்பேன் நான்.

1981-இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கென 'விசார்ட்ரி' வந்தது. அதை ஆக்கியோர் ஆண்ட்ரூ கிரீன்பர்க், இராபர்ட் வுட்ஹெட் என்னும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இருவர். பத்து அடுக்கு நிலவறை. அடுக்கொன்றுக்கு 20-க்கு 20 கட்டங்கள். ஆறு பேர் வரை குழுவாக இறங்கலாம். வழியை ஆடுவோரே கட்டத்தாளில் வரைந்துகொள்ள வேண்டும். குழு மாண்டால் உடல்கள் அங்கேயே கிடக்கும். மீட்க வேறொரு குழு செல்ல வேண்டும்.

இதை அறிந்தபோது நம் தருமபுரி மாவட்டத்து நடுகற்களே என் நினைவுக்கு வந்தன. ஆநிரை மீட்கச் சென்று மாண்டவனைக் கல்லில் நிறுத்தினர் நம் முன்னோர். கதைக்கா நமக்குப் பஞ்சம்? அயல்நாட்டு அரக்கரையே வெட்டிக்கொண்டிருப்பானேன்?

வீட்டில் கணிப்பொறி இல்லையே என்பீர். கட்டத்தாளும் பென்சிலும் உண்டே! கணித மாணவர் கட்டங்களை அமைக்கட்டும். வரலாற்று மாணவர் நடுகற்களைப் படித்துச் சொல்லட்டும். தமிழ் மாணவர் உரையாடல் எழுதட்டும். அவர்களும் மாணவர்களே, நாமும் மாணவர்களே. தொடங்குவோமா, தோழர்களே?