அம்மா கொடுத்த மாத்திரை

நாங்குநேரிக்குப் போகிறவர்கள் வானமாமலைப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். பெருமாளுக்கு அன்றாடம் எண்ணெய்க் காப்பு நடக்கிறது. அந்த எண்ணெய் கோயிலிலேயே ஒரு கிணற்றில் சேருகிறது. சொறி, சிரங்கு, படை என்று தோலில் எது வந்தாலும் அதைத் தடவினால் குணமாகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஒரு சின்னச் சீசாவில் வாங்கி வந்து, அலமாரியில் தைலப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

வீட்டு மருந்து அலமாரி அம்மாவின் ராஜ்யம். இருமலா, இந்தா சிரப். கால் வீக்கமா, இந்தா மாத்திரை. டாக்டர் போன வருஷம் எழுதிக் கொடுத்தது பாதி மிச்சம் இருக்கிறது, வீணாக்குவானேன்? இந்த அலமாரியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். விளையாட்டு உலகத்தின் பெரிய மனிதர்கள் சிலர் தலைகுப்புற விழுந்தது இப்படிப்பட்ட ஓர் அலமாரியிலிருந்துதான். குறைந்தபட்சம், அவர்கள் சொன்ன கதை அது.

முதலில் அமெரிக்காவுக்குப் போய் வரலாம். அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சான் டியகோ அணியில் பெர்னாண்டோ டாட்டிஸ் என்ற இளைஞர் இருக்கிறார். 2021-ஆம் வருஷம் அந்த அணி அவரோடு 14 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டது. தொகை 34 கோடி டாலர். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவருடைய சிறுநீரில் குளோஸ்டபால் என்ற மருந்து அகப்பட்டது. சதையை வளர்க்கும் ஜாதியைச் சேர்ந்த ஸ்டீராய்டு. ‘படர்தாமரைக்கு மருந்து போட்டுக்கொண்டேன், அதில் இருந்துவிட்டது’ என்றார் டாட்டிஸ். அப்பீல் செய்ய எண்ணி, பிறகு அதையும் கைவிட்டார். தண்டனை 80 ஆட்டங்கள். அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது.

அந்த ஆட்டத்தில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். முதல் தடவை பிடிபட்டால் 80. இரண்டாம் தடவை முழுசாக 162. மூன்றாம் தடவை, ஆயுளுக்கும் வீட்டுக்குப் போ என்று சீட்டு. இது 2014-இல் வந்த கணக்கு. 2005-இல் முதல் குற்றத்துக்குப் பத்தே நாள்தான்! ‘அட, இவ்வளவுதானா?’ என்று ஊர் சிரித்த பிறகு 50 ஆட்டங்கள் ஆயிற்று; அதுவும் போதாமல் 80 ஆயிற்று. அலெக்ஸ் ரோட்ரிகஸ் என்ற மகா நட்சத்திரம் 2014-ஆம் வருஷப் பருவம் முழுவதும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நேர்ந்தது.

சரி, அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் வீட்டு ஆட்டமான கிரிக்கெட்டுக்கு வாருங்கள்.

2003-இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. ஆஸ்திரேலியா முதல் பந்தைப் போடுவதற்கு முன்பே சுழற்பந்து மன்னர் ஷேன் வார்ன் மூட்டை கட்டினார். அவர் உடம்பில் நீர் பிரியும் மாத்திரை இருந்தது. இளைத்துத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தம் தாயார் கொடுத்தார் என்றார். நீர் மாத்திரையால் பந்து கூடுதலாகச் சுழலாது, வாஸ்தவம். ஆனால் வேறு ஊக்க மருந்து உள்ளே இருந்தால் அதை அலசிக் கரைத்து மறைத்துவிடும். அதனால்தான் அதற்கும் தடை. தண்டனை ஒரு வருஷம். அந்த அம்மாளின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பிருத்வி ஷா 2019 பிப்ரவரியில் இந்தூரில் ஆடியபோது சிறுநீர் கொடுத்தார். டெர்பூட்டலின் இருந்தது. இருமல் சிரப்புகளில் சாதாரணமாக இருக்கும் சரக்கு அது. இருமலுக்காகக் கடையில் கிடைக்கும் சிரப்பைக் குடித்தேன் என்றார். கிரிக்கெட் வாரியம் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் எட்டு மாதம் தடை விதித்தது.

இலங்கையின் உபுல் தரங்கா 2011 உலகக் கோப்பையின்போது மாட்டினார். தோள் வலிக்கு நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறார். மூலிகைதானே என்று நம்பியதற்குள் பிரெட்னிசோலோன் ஒளிந்திருந்தது. கெட்ட எண்ணம் இல்லை என்று விசாரித்தவர்களே சொன்னார்கள். ஆனாலும் மூன்று மாதம்.

இப்போது திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் கிராமத்துக்கு வருவோம்.

2019 ஏப்ரல் 22-ஆம் தேதி. தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி. 800 மீட்டர் ஓட்டத்தில் கோமதி மாரிமுத்து கடைசி நீட்டத்தில் பாய்ந்து முன்னால் வந்து தங்கம் வாங்கினார். 2 நிமிஷம் 2.70 விநாடி. முப்பது வயது. விவசாயக் குடும்பம். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். தமிழ்நாடே தலையில் வைத்துக் கூத்தாடியது. கட்சிகள் லட்சக்கணக்கில் பரிசு கொடுத்தன.

ஒரு மாதம் கழித்து வேறு செய்தி வந்தது. அவருடைய சிறுநீரில் நான்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டின் அடையாளம் இருந்தது. என் ஜீவனில் அப்படி ஒன்றையும் நான் சாப்பிட்டதில்லை என்று அவர் மறுத்தார். இரண்டாம் புட்டியும் அதையே சொல்லிற்று. மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் ஓடிய ஓட்டங்களின் பலன் அத்தனையும் ரத்து. தங்கம் போயிற்று. 2023 மே வரை நான்கு வருஷம் தடை. தடை முடிந்தபோது வயது 34. இரண்டு நிமிஷ ஓட்டத்துக்கு நான்கு வருஷம் என்றால், அது ஓடுகிறவளின் ஆயுளில் பாதி.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. தோஹாவுக்குப் புறப்படுவதற்கு முன்பே, மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த சோதனையிலும் விஷயம் இருந்திருக்கிறது. முடிவு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அப்போதே தெரிந்திருந்தால் ஊர் கூடிக் கொண்டாடி, பிறகு ஊர் கூடித் தலைகுனிய வேண்டியிருந்திருக்காது.

‘என்ன நியாயம் இது? தெரியாமல் சாப்பிட்டதற்கும் தண்டனையா?’ என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனம் 1999-இல் ஏற்பட்டது. அதன் சட்டத்தின் அஸ்திவாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: உன் உடம்பில் இருப்பதற்கு நீயே பொறுப்பு. எப்படி வந்தது என்று சர்க்கார் நிரூபிக்க வேண்டியதில்லை; ஆட்டக்காரர்தான் காட்ட வேண்டும். கொலை வழக்கில்கூட இப்படிக் கிடையாது என்று வக்கீல்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அப்படி வைக்காவிட்டால் என்ன ஆகும்? பிடிபட்டவர் ஒவ்வொருவரும் அம்மாவையும் இருமலையும் படர்தாமரையையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார். எது உண்மை, எது கட்டுக்கதை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஒன்றும் சாப்பிடாமல் நாலாவதாக ஓடி வந்தாளே ஒரு பெண், அவளுக்கு யார் பதில் சொல்வது?

அதே சமயம், சோதனைச் சாலையும் சறுக்கும். இலங்கையின் குசால் பெரேராவை 2015 டிசம்பரில் நியூஸிலாந்துப் பயணத்தின் நடுவே திருப்பி அழைத்தார்கள். ஸ்டீராய்டு இருப்பதாகக் கட்டார் தேசத்துச் சோதனைச் சாலை சொல்லியிருந்தது. மனிதர் விடவில்லை, போராடினார். 2016 மே மாதம், அந்த முடிவு நிற்காது என்று குற்றச்சாட்டையே வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் ஓர் உலகக் கோப்பை வந்து போய்விட்டது. அதை யார் அவருக்குத் திருப்பித் தர முடியும்?

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர் என்று எங்கே போனாலும், கோயில் கொடை என்றால் ராத்திரி விளக்குப் போட்டுக் கபடி உண்டு. பள்ளிக்கூடத்துப் பெண்கள் பாளையங்கோட்டைக்கு மாவட்டப் போட்டிக்குப் போகிறார்கள். ஜெயித்துச் சர்டிபிகேட் வாங்கினால் காலேஜில் இடம். இன்னும் மேலே போனால் ரயில்வேயிலோ போலீஸிலோ உத்தியோகம். வீட்டில் முதல் சம்பளக்காரி அந்தப் பெண்ணாகவே இருக்கலாம். அந்தச் சர்டிபிகேட்டுக்காகத்தான் யாராவது ஒருவர் ஒரு டப்பாவை நீட்டுகிறார். ‘அக்கா, இது சும்மா பவுடர், சத்துதான்’ என்கிறார்.

‘சத்துதான்’ என்ற வார்த்தைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் 1970-களிலும் 80-களிலும் நீச்சல் பழகிய சின்னஞ்சிறு பெண்களுக்கு, வைட்டமின் என்று சொல்லி நீல மாத்திரை கொடுத்தார்கள். பதக்கம் குவிந்தது. பெண்களுக்குக் குரல் ஆண்குரலாயிற்று, முகத்தில் ரோமம் வந்தது, மாதவிலக்கு கோளாறாயிற்று, ஈரல் கெட்டது. நடுவயதில் அவர்களில் பலர் கோர்ட்டில் நின்று சாட்சி சொன்னார்கள். 2000-ஆம் வருஷம் அந்த நாட்டின் பழைய விளையாட்டுத் தலைவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

நம் தேசத்திலும் நடந்தது. 2010-இல் நம் பெண்கள் 4 x 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் டில்லி காமன்வெல்த் போட்டியிலும் சீனாவில் ஆசியப் போட்டியிலும் தங்கம் வாங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷமே அந்தக் கோஷ்டியில் மூவர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் வேரில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த வெளிநாட்டுப் பயிற்சியாளருக்கு வேலை போயிற்று. பெண்களுக்கு இங்கே ஒரு வருஷம் தடை. சர்வதேச விளையாட்டு நீதிமன்றம் அதை இரண்டாக்கிற்று.

2023-இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 பழுது. நூற்றுக்கு நாலு என்று வைத்துக்கொள்ளலாம். அதிகம் சோதிக்கிற தேசங்களில் இவ்வளவு மோசமான விகிதம் வேறு எதற்கும் இல்லை. நம் அலமாரிகளிலும் பயிற்சி மைதானங்களிலும் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆகவே, வீட்டில் ஓடுகிற, தாண்டுகிற, கபடி ஆடுகிற பிள்ளை இருந்தால் சில காரியங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்தவுடன், ‘என் பெண் போட்டிகளில் ஓடுகிறாள்’ என்று சொல்லிவிடுங்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மிச்ச மருந்தை அடுத்த காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள்.

இருமல் சிரப் வாங்கினால் புட்டியின் மேல் டெர்பூட்டலின் என்று இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, மருந்தின் பெயரைத் தட்டினால் தடை உண்டா இல்லையா என்று சொல்லும் செயலி ஒன்றை வைத்திருக்கிறது. நமக்குப் பிடிபடாவிட்டால் பிள்ளையே கைப்பேசியில் பார்த்துச் சொல்லும்.

ஆஸ்துமா மாதிரி நிரந்தர வியாதி இருந்தால், பயந்துபோய் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்! சில மருந்துகளுக்குத் தடையே இல்லை. தடை உள்ளதற்கும் டாக்டர் சான்றோடு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வழி இருக்கிறது. உயிர் முதலில், ஓட்டம் பிறகு.

படைக்குப் போடும் களிம்பு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். நம்மூர்க் கடைகளில் பல களிம்புகளில் இருப்பது குளோபெட்டசால். டாட்டிஸைக் கவிழ்த்தது குளோஸ்டபால். பெயர் ஒரே மாதிரி, ஜாதி வேறு. முதலாவதைத் தோலில் தடவினால் விளையாட்டில் தடை இல்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் தடவினால் படை அடங்கின மாதிரி அடங்கி, பிறகு உடம்பெல்லாம் படரும். அது வேறு தண்டனை.

பயிற்சியாளர் பவுடர் கொடுத்தால், ஊசி என்றால், கூச்சப்படாமல் பெயர் கேளுங்கள். டப்பாவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் எழுதாத சரக்கு உள்ளே கலந்திருப்பது உலகம் முழுவதும் நடக்கிற மோசடி. பெயர் சொல்லத் தயங்குகிறவரின் கையால் தண்ணீர்கூட வேண்டாம். முட்டையும் பயறும் மோரும் எந்தச் சோதனையிலும் பிடிபடாது.

பெண்ணைச் சோதனைக்குக் கூப்பிட்டால் பயப்பட வேண்டாம். கண்காணிப்பவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவளானால் கூடவே ஒரு பெரியவர் இருக்க உரிமை உண்டு. சிறுநீரை இரண்டு புட்டிகளில் பிரித்து, அவள் கண் எதிரே முத்திரை வைக்க வேண்டும். சமீபத்தில் சாப்பிட்ட மருந்துகளைப் படிவத்தில் ஒன்று விடாமல் எழுதச் சொல்லுங்கள். முதல் புட்டியில் தவறு என்று வந்தால், இரண்டாவதையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

தப்பு நடந்துவிட்டால் மறைக்கச் சொல்லாதீர்கள். திருச்சியின் வேகராணி தனலட்சுமி 2022-இல் பிர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் சோதனையில் சிக்கினார். அவருக்குக் கிடைத்தது மூன்று வருஷத் தடை. உடனே ஒப்புக்கொண்டால் நான்கில் ஒரு வருஷம் குறையும் என்பது விதி.

இத்தனையும் அம்மாவின் தலையிலா என்று கோபம் வரலாம். அப்பாக்களையும் படிக்கச் சொல்லுங்கள்; வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வீட்டில் எந்தப் புட்டி எங்கே இருக்கிறது, எதை யார் எப்போது விழுங்கினார்கள் என்று கேட்டால் அப்பாக்கள் உங்கள் முகத்தைத்தானே பார்ப்பார்கள்? ஆகையால் கோப்பையை வைக்க இடம் தேடுவதற்கு முன்னால், மருந்து அலமாரியை ஒருதரம் ஒழித்துப் பார்த்துவிடுங்கள்.