அலங்கார ஊர்திகளின் வரைபடத்தை முன்கூட்டியே இறுதி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர், அலங்கார ஊர்தி கட்டும் தொழிலாளர் சங்கம், சென்னை.

பெறுநர்: குடியரசு நாள் விழா அலங்கார ஊர்திகளுக்குப் பொறுப்பான அலுவலர்கள்.

பொருள்: ஊர்தி வரைபட ஒப்புதல், பணியிடம், பாதுகாப்பு, முன்பணம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஜனவரி 26 அன்று காமராசர் சாலையில் வலம்வரும் அரசுத் துறை ஊர்திகளைக் கட்டும் தச்சர், வெல்டர், சிற்பி, ஓவியர், மின்பணியாளர் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். முதன்மைக் கோரிக்கை ஒன்றுதான்: கருப்பொருளும் வரைபடமும் டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஒப்புதலாகி எங்கள் கைக்கு வர வேண்டும். அதன்பின் திருத்தம் கூடாது.

ஓர் ஆளுயரச் சிலைக்கு முதலில் களிமண்ணில் உரு எடுக்கிறோம். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு, அச்சுக்குள் ஃபைபர், பிறகு பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, வண்ணம். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தால்தான் அடுத்ததைத் தொட முடியும். மார்கழிப் பனியில் பட்டி லேசில் காயாது. அந்த நேரத்தில் “கை இன்னும் கொஞ்சம் உயரட்டும்” என்று ஒரு குறிப்பு வந்தால், கையை மட்டும் அறுத்து ஒட்டிவிட முடியாது. தோளின் மடிப்பு மாறும். உள்ளே ஓடும் கம்பி மாறும். சில வேளை ஊர்தியின் மொத்த உயரமே கூடிவிடும். அவசரத்தில் ஒட்டிய இடம்தான் சாலையில் விரியும். பார்ப்பவர் கண்ணும் நேரே அங்கேதான் போகும்.

தில்லி அணிவகுப்பில் ஊர்தியின் நீளம் 45 அடி, அகலம் 14 அடி, உயரம் 16 அடிக்கு மிகக்கூடாது என்று பாதுகாப்பு அமைச்சகம் எழுத்திலேயே தருகிறது. முதலில் வரைபடம், அது தேறினால் முப்பரிமாண மாதிரி என்று நிபுணர் குழு படிப்படியாகப் பார்க்கிறது. அந்தத் தேர்வுகள் பற்றி எவருக்கு என்ன மனக்குறை இருந்தாலும், அளவையும் படிநிலையையும் எழுதித் தரும் முறை நல்ல முறை. அப்படி ஒரு விதித்தாள், ஒப்பந்ததாரரோடு நின்றுவிடாமல், கட்டுகிற எங்களுக்கும் வர வேண்டும்.

வண்டியை முழுக்க மூடி அலங்கரிப்பதால் ஓட்டுநருக்கு மிஞ்சுவது சிறு இடைவெளிதான். அந்தத் திறப்பும், அவர் உடனே வெளியேறும் வழியும், ஜெனரேட்டர் புகைபோக்கியின் திசையும் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். தீயணைப்பான் கட்டாயம். ஊர்தியில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கைப்பிடிக் கம்பி வைத்தால் அழகு கெடும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. அலங்காரத்துக்குள் அதை மறைத்துவிடலாம்.

2022-இல் விடுதலைப் போராட்ட வீரர்களைக் காட்டிய தமிழ்நாட்டு ஊர்திகள், சென்னை அணிவகுப்புக்குப் பின் மாவட்டங்களுக்கும் சென்றன. இனி அவ்வாறு அனுப்புவதாக இருந்தால் வேலை தொடங்கும்போதே சொல்லுங்கள். நடை வேகத்தில் கடற்கரைச் சாலையைக் கடக்கும் ஊர்திக்குத் தெர்மாகோலும் பிளைவுட்டும் போதும். நெடுஞ்சாலைக் காற்றுக்கும் வேகத்தடைக்கும் ஆங்கிள் சட்டகத்தை நெருக்கிப் போட வேண்டும். கழற்றி மாட்டும் போல்ட் இணைப்புகள் வேண்டும். செலவும் வேறு.

மேற்கூரையும் மும்முனை மின்சாரமும் உள்ள பணிக்கூடம் ஒதுக்க வேண்டும். மதிப்பீட்டில் பாதியை முன்பணமாகவும், மீதியை அணிவகுப்பு முடிந்த 30 நாளுக்குள்ளும் வழங்க வேண்டும். ஒத்திகைக்கு வரும் தொழிலாளருக்கு அனுமதி அட்டையும் உணவும் தேவை.

வரைபட ஒப்புதல் நாளை முடிவு செய்யும் கூட்டத்துக்கு எங்கள் சங்கத்திலிருந்து ஒரு சிற்பியையும் ஒரு வெல்டரையும் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்