வரப்போரப் பூனைகளுக்காக ஒரு பக்கம்



இந்த இதழின் நடுப்பக்கங்கள் முழுக்க நீங்கள் எடுத்த படங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அவற்றைச் சுற்றியுள்ள மலையடிவாரக் கிராமங்கள் என்று பல இடங்களிலிருந்து வந்த காட்டுயிர்ப் படங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது மேசை நிறைந்துவிட்டது. செண்பகத்தோப்புச் சாம்பல் நிற அணிலுக்குத்தான் முதலிடம். கிளையோடு கிளையாகப் படுத்திருக்கும் அணில், மாம்பிஞ்சைக் கடிக்கும் அணில், ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவும்போது அந்தரத்தில் அகப்பட்ட அணில் என்று எத்தனையோ. அடுத்தபடியாக யானை. பூனைப் படங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை அனுப்பியவர்களில் சிலர் கூடவே ஒரு மன்னிப்பும் எழுதியிருந்தார்கள். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, தோப்பில் பார்த்த காட்டுப்பூனைதான் என்று.

மன்னிப்புக் கேட்க இதில் எதுவும் இல்லை. எனக்கு அந்தப் படங்கள்தான் மிகவும் பிடித்திருந்தன. ஏன் என்று சொல்லத்தான் இந்த மாதப் பக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. நாட்டில் 51ஆவது, தமிழ்நாட்டில் 5ஆவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து, மேற்கே கேரளத்தின் பெரியாறு காப்பகத்தோடு கைகோத்து நிற்கிறது. நம் வட்டாரத்துக்கு இது பெரிய பேறு. ஆனால் புலி என்ற பெயர் வந்ததும் கேமரா வைத்திருக்கும் எல்லோருடைய கண்ணும் மலை உச்சிக்குப் போய்விட்டது. அடிவாரத்துத் தென்னந்தோப்பிலும் கண்மாய்க் கரையிலும் கரும்புக் கொல்லையிலும் இரவில் நடமாடும் பூனையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் காட்டுப்பூனை என்று சொல்வது ஊரில் எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்கும் பொருளில் அல்ல. மரநாயையும் புனுகுப்பூனையையும்கூட நாம் பூனைக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். உண்மையான காட்டுப்பூனைக்கு உடம்பில் புள்ளி கிடையாது. மணல் நிறம், நீண்ட கால்கள், குட்டை வால், வால் நுனிப் பக்கம் கறுப்பு வளையங்கள், காது நுனியில் சின்னதாகக் கறுப்பு மயிர்க்கொத்து. எகிப்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் இனம் இது. அடர்ந்த காட்டைவிடக் கோரை மண்டிய நீர்க்கரையும் புல்வெளியும் வயலும்தான் இதற்கு உகந்தவை. நெல் முற்றும்போது எலி பெருகும், எலியைத் தேடி இதுவும் வரும். அறுவடை முடிந்த வயலில், விடிந்து வெயில் ஏறுவதற்குள் வரப்போரமாக இது நடந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? காதை முன்னே தள்ளி, ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடும். மண்ணுக்குள் எலி அசைவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். நமக்கு வந்த ஒரு படத்தில் அந்த நிலைதான் இருக்கிறது. பின்னால் பம்பு செட் அறை, அதற்குப் பின்னால் மங்கலாக மலை. பூனை படத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுப்பக்கத்தின் பெரிய படம் அதுதான்.

இன்னொரு பூனை இதைவிடச் சிறியது. துரும்பன் பூனை என்கிறார்கள். உலகத்தின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. வளர்ந்த பூனையே ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம், வீட்டுப்பூனையில் பாதி எடைகூட வராது. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் துரு நிறப் புள்ளிகள் வரிசையாக ஓடும், வாலில் வளையம் இருக்காது. இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ஜெஃப்ருவா சேன்ட்-ஹிலேர், ஆண்டு 1831. அவர் கையில் இருந்த மாதிரி எங்கிருந்து போனது தெரியுமா? நம் புதுச்சேரியிலிருந்து. உலகின் விலங்கியல் நூல்களில் இந்தப் பூனையின் மூல ஊராகப் புதுச்சேரி எழுதப்பட்டிருக்கிறது என்பது எத்தனை தமிழர்களுக்குத் தெரியும்! இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு என்று நெடுங்காலம் நம்பப்பட்ட இது, 2012இல் நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவில் தானியங்கிக் கேமராவில் பதிவானது. கோவையை அடுத்த ஆனைகட்டிக் காட்டில் இதைப் பார்த்ததாக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள்.  வறண்ட இலையுதிர் காடு, முட்புதர், பாறை இடுக்கு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். நம் அடிவாரம் அப்படிப்பட்டதுதான். தென்னிந்தியாவில் வயலும் தோப்பும் சூழ்ந்த வீட்டுப் பரணில் இது குட்டி போட்டிருந்த பதிவுகளும் உண்டு.

மூன்றாவது, சிறுத்தைப் பூனை. பெயருக்கேற்ற புள்ளிகள், காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டையும் அதையொட்டிய தேயிலை, காபித் தோட்டங்களையும் விட்டு இது சமவெளிக்கு இறங்குவதில்லை. காட்டில் சேகரித்த எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்து ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, நம் மலையின் சிறுத்தைப் பூனைகளுக்கும் வடக்கே உள்ளவற்றுக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் அற்றுப்போயிருக்கிறது என்று காட்டியது. நடுவில் கிடக்கும் வெப்பமான நிலத்தை அது தாண்டாது. சமவெளியிலேயே வாழும் காட்டுப்பூனைக்கு அப்படி ஒரு தடையும் இல்லை.

இவற்றைப் படம் பிடிக்கச் சவாரி வண்டி உதவுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதுமலையில் வனத்துறை வண்டியில் போய் மானையும் யானையையும் காட்டெருமையையும் பார்த்து வரலாம், அது நல்ல அனுபவம். ஆனால் பகலில், இன்ஜின் சத்தத்தோடு, பத்துப் பேர் பேச்சோடு போகிற வண்டிக்குச் சிறு பூனை அகப்படுவது அதிர்ஷ்டம். பெரிய கணக்கெடுப்பிலேயே பாருங்கள். 2018-19 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அதில் புலி 76,651, சிறுத்தை 51,777. கின்னஸ் சாதனையாகப் பதிவான முயற்சி அது. அந்தக் கேமராக்கள் புலியின் உடம்பு வரிக்கு ஏற்ற உயரத்தில், புலி நடக்கும் பாதையில் கட்டப்பட்டவை. பூனைகள் அவற்றில் தற்செயலாக வந்து விழுந்தவைதான்.

சிறு பூனைக்குக் கேமரா தாழ வேண்டும். கையில் வைத்து எடுப்பவர் வரப்பில் குப்புறப் படுத்து, பூனையின் கண் மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவந்தால்தான் அது பூனையாகத் தெரியும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் முதுகு மட்டும்தான் மிஞ்சும். நானூறு மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் போதும். அதைவிட முக்கியம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. காட்டுப்பூனைக்கு வழக்கமான பாதை உண்டு. எந்த வாய்க்கால் மேட்டில் எந்த நேரத்தில் நடக்கிறது என்று தோட்டக் காவல்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் போய், "அண்ணாச்சி, ராத்திரி தண்ணி பாய்ச்ச வரும்போது பூனை கண்ணுல படுதா?" என்று கேளுங்கள். எந்த நூலிலும் இல்லாத தகவல் கிடைக்கும். காரை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் பூனை காரைப் பொருட்படுத்தாது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தால் போய்விடும். தானியங்கிக் கேமரா வைப்பதென்றால் சொந்த நிலத்தில் வையுங்கள், அல்லது நிலத்துக்காரரின் சம்மதத்தோடு வையுங்கள். சரணாலய எல்லைக்குள் நுழைந்து படமெடுக்க 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கோயிலுக்குப் போகிற வழி என்று சொல்லிக்கொண்டு பாதையை விட்டு விலகிப் போவது அனுமதி ஆகாது.

எதை வெளியிட மாட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் வெள்ளை விளக்கை முகத்தில் அடித்து எடுத்த படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இந்த இதழில் வராது. விளக்கு வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் பூனையைப் பார்த்து, நமக்காகவே நின்றது என்று மகிழ்கிறோம். குறைந்த வெளிச்சத்தில் எலியைக் கண்டுபிடிக்க அமைந்த கண் அது. கோழிக்குஞ்சையோ மீனையோ கட்டிவைத்து வரவழைத்த படமும் வராது. மனிதன் இருக்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று பழகிய பூனை அடுத்த வாரம் யாருடைய கோழிக்கூண்டுக்குப் போகும், அங்கே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குட்டிகளின் படம் பற்றிச் சொல்வது எல்லாவற்றையும்விட முக்கியம். இந்த முறை வந்த உறையில் அப்படி ஒன்று இருந்தது. கரும்பு வெட்டும்போது கிடைத்த இரண்டு குட்டிகளை ஒரு கையில் ஏந்தி இன்னொரு கையால் எடுத்த படம். அனுப்பியவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருக்கிறார், தாயில்லாக் குட்டிகள் என்று எழுதியிருக்கிறார். அநேகமாகத் தாய் இருந்திருக்கும். இரை தேடிப் போயிருக்கும், அல்லது ஆள் சத்தம் கேட்டுப் பக்கத்துப் பாத்தியில் பதுங்கியிருக்கும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் கரும்பு அறுவடையின்போது சிறுத்தைக் குட்டி, காட்டுப்பூனைக் குட்டி, துரும்பன் பூனைக் குட்டி எல்லாம் கிடைப்பது வழக்கம். அங்கே வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் சேர்ந்து, குட்டியைக் கிடைத்த இடத்திலேயே பாதுகாப்பாக வைத்து, ஆட்களை அகற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போகிறது. பலமுறை இது நடந்திருக்கிறது, படமாகவும் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்ப் பக்கமும் கரும்பு வெட்டு உண்டு. குட்டி கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அந்தப் பாத்தியை மட்டும் விட்டுவிட்டு வேறு பக்கம் வெட்டுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் இருக்கலாம்.

திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இலிருந்து 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர், தமிழிலும் எழுதியவர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களைப் பார்த்தால், அந்த யானை நின்ற காட்டையும் சேர்த்தே பார்ப்போம். அணில், கீரி, ஊர்க் காகம் என்று சின்ன உயிர்களுக்கும் யானைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்தார். நம் பக்கத்து இளைஞர்கள் கேமரா வாங்குவதற்கு முன் அவருடைய தமிழ்க் கட்டுரைகளை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பூனைகளுக்கு நம்மால் வரும் இடையூறுகள் சிலவற்றைச் சொல்லாமல் விட்டால் நடுப்பக்கப் படங்களுக்குப் பொருளில்லை. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்ற நம் இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தோப்புக்கும் கண்மாய்க்கும் இடையில் இரவில் சாலையைக் கடக்கும் பூனை லாரி விளக்கில் உறைந்து நிற்கும். வயலில் வைக்கும் எலி மருந்தில் சிலவகை, செத்த எலியின் உடம்பிலேயே தங்கி, அந்த எலியைத் தின்ற பூனையையும் கொல்லும். அதோடு நாய்கள். ராஜபாளையம் நாய் நம் பெருமை, 2005இல் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற இனம். அதன் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் எந்த நாயானாலும் தோட்டத்தில் இரவில் அவிழ்த்துவிடாதீர்கள். வேட்டைக்கென்றே வளர்ந்த பரம்பரை அது. பூனையைக் கண்டால் விடாது. நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் பூனைகளைக் காப்பதுதான். நாய்க்கு வரும் நோய்கள் சில காட்டுக்கும் பரவும்.

சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பூனையையும் படமெடுத்து அனுப்புங்கள். அழகான படமாக இருக்க வேண்டியதில்லை. வாலும் காதும் தெரிய வேண்டும், பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவை வையுங்கள், தேதியும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி வருகிறதா என்று பார்த்து, ஓரமாக நின்று எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றினால், அபாய நிலையில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடும். எந்தப் பூனை எங்கே வாழ்கிறது, எந்த வளைவில் அதிகம் சாகிறது என்பதெல்லாம் இப்படிச் சேரும் பதிவுகளிலிருந்துதான் தெரியவரும்.

அடுத்த ஆண்டு இதே மாதம் சிறு பூனைகளுக்கென்றே நடுப்பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். தை, மாசி அறுவடைக் காலம் முழுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. படத்தோடு மாதமும் நேரமும் எழுதுங்கள், பூனை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரியும் எழுதுங்கள். எடுத்தவர் பெயரை அச்சிடுவோம், எடுத்த இடத்தின் பெயரை அச்சிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்